நூலும் மாணாக்கன் மாற்றமும்

திருக்கச்சியினின்றும் தெற்கு நோக்கி உத்தரமேரூருக்குச் செல்லும் நெறியிலே, பாலாற்றங்கரையை அடுத்து, ஓரிக்கை என்னும் ஊர் உளது. 'ஓர் இரவு இருக்கை' என்னுந் தொடரே நாளடைவில் மருவி ஓரிக்கை என வழங்கலாயிற்று என்பது அவ்வூர் வழக்கு. வைணவ மரபினர் போற்றும் வரலாறொன்று இப்பெயர்க்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. திருமழிசையாழ்வாருக்குக் கணிகண்ணன் என்னும் மாணாக்கர் ஒருவர் இருந்தார். காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் அவரை அழைத்துத் தன்னைப் பாடுமாறு ஏவினான். மானிடரைப் பாடுதற்குத் தம் நா எழாதென்று அவர் மறுத்தமையால் மன்னன் வெகுண்டு அவரை நாடு கடத்தினான். மாணாக்கர் செல்ல ஆசிரியரும் உடன் செல்ல, ஆசிரியர் வேண்டியபடி திருவெஃகாவில் எழுந்தருளியிருந்த பெருமாளும் பாயலைச் சுருட்டிக்கொண்டு பின் சென்றார் என்றும், அம்மூவரும் ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை என்றும், மன்னன் பிழையுணர்ந்து வேண்டவே மீண்டனர் என்றும் அவ்வரலாறு கூறும்.

சமயவேறுபாட்டை ஒருபுறம் நிறுத்தி நோக்குவார்க்கு இவ்வரலாற்றிலே கல்விபற்றிய உண்மையொன்று விளங்கும். மாணாக்கன் ஒருவன் தன் உள்ளம் உடன்படாத சொல்லைச் சொல்ல மறுத்தான். அம்மறுப்பை ஆசிரியர் கடிந்திலர். அவனுடன் தாமும் வெளியேறினார். மாணாக்கன் வாயினின்று பிறக்கும் மாற்றம், அஃதாவது மறுமொழி, அவன் கருத்தினின்றே பிறத்தல் வேண்டும் என்பதும், அங்ஙனம் பிறந்த மாற்றத்திற்கு ஆசிரியன் துணைநிற்றல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். ஒரு நூலைக் கற்ற மாணாக்கன் அந்நூல் குறித்துத் தான் கருதியதை முறைப்பட எழுதுதற்குப் பழந்தமிழ் நாட்டில், சிறப்பாகக் காஞ்சியிலும் அதனைச் சூழ்ந்த நாட்டிலும், எவ்வாறு பயிற்றப்பட்டான் என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

காஞ்சியிற் கல்வி

காஞ்சி பண்டுதொட்டே கல்விக்குப் பெயர்பெற்ற நகரம். கி. பி. நான்காம் நூற்றாண்டிலே கதம்ப மரபின் முதல்வனாகிய மயூரசர்மன் தன் ஆசிரியராகிய வீரசர்மரோடு காஞ்சியிலிருந்த கடிகைக்குக் கற்றற்பொருட்டு வந்தனன் என்பது தாளகுண்டாக் கல்வெட்டாற் புலனாகின்றது. கடிகை என்பது கற்றோர் கூடிக் கற்பித்தும் வாதித்தும் வாழ்ந்த கழகம். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் அரசுரிமை எய்திய வரலாற்றை உரைக்கும் வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பத் தொடரின் எழுத்துக்களிலே, அரசனைத் தேர்ந்து அழைத்தவருள் கடிகையாரும் எண்ணப்பட்டிருத்தல் காணலாம். நாட்டிற்கு அரசன் இன்றியமையாதானாகிய காலத்தும் கற்றோர் சொல் அம்பலத்தேறியது என்பதற்கு இது சான்று. ஏழாம் நூற்றாண்டில் இந்நகரை அடைந்த சீனத் துறவியாகிய இயுவான் சுவாங் இதனைச் சிறப்பித்து எழுதினர். வடமொழியிற் காவியாதரிசம் இயற்றிய தண்டியாரும் பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புடையவரே.

ஓரிக்கைக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்துத் திருமுக்கூடல் உளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்தே, ஏறக்குறைய 1067-ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு, கல்லூரியும் மாணாக்கர் விடுதியும் 15 படுக்கைகளையுடைய மருத்துவச்சாலையும் அக்கோயிலைச் சார்ந்து நடைபெற்றமையை விரித்துக் கூறும். விடுதியில் 60 பேர் உண்டனர். அவருள் இருக்கும் யசுரும் ஓதினாரினும் இலக்கணம் பயின்றாரே தொகையில் மிக்கிருந்தனர். ஓதுதல் ஒன்றே கல்வி எனக் கொள்ளாது, ஓதியதன் சொல்லையும் பொருளையும் ஆராயும் திறத்திற்கு முதலிடம் அளித்தமை இதனால் அறியக்கிடக்கின்றது. இவ்வாறே இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரத்துக் கல்லூரியில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்தனர் எனக் கல்வெட்டுரைக்கின்றது. இவை வடமொழிக் கல்விக்கு அமைந்த சாலைகள். தமிழ்க் கல்வியோ பெரும்பாலும் ஆசிரியர் இல்லங்களிலும் திருமடங்களிலும் கேள்வி முறையாக நிகழ்ந்துவந்தது. கல்வெட்டிற் பதியாத அக்கேள்வி முறையை இலக்கண நூல்களின் பாயிரங்களே காத்துவைத்துள்ளன.

கால்பங்கும் அரைப்பங்கும்

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே பாடங் கொள்வோன் இயல்பு கூறுங்கால் வியக்கத்தக்க கணக்கொன்றை வைத்தார். ஆசிரியன் உரைத்ததனைத் தவறாது முற்றும் கொண்ட மாணாக்கனும் புலமையிற் கால்பங்கே பெற்றவனாவான். உடன் கற்பாரோடு பழகி ஆராய்தலால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதனைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும் போதே நிரம்பும். எனவே, கேட்டல் மாத்திரையால் அமைந்தொழியும் கல்வி முக்காற்பங்கு குறைபட்ட கல்வி என்பது ஆசிரியர் கருத்தாதல் தெளிவு. கற்றதனைத் தன் சொல்லால் வெளியிடுதலைப் புலமைக்குப் புறம்பான அணியாகக் கொள்ளாது, அதன் செம்பாதியாகவே அவர் வைத்தமை உற்றுநோக்கத் தக்கது.

அவ்வெளியீடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கும் வரம்பு வகுத்தனர். நூலுக்கு எழுதும் உரையின் உறுப்புக்கள் 14 என்பது நன்னூலார் கொள்கை. மூலபாடத்தைத் திருத்தமுறக் காட்டுதல் முதலாவது. பின்னர்க் கருத்தைச் சுருங்கச் சொல்லுதலும், சொற்களைப் பகுத்துப் பொருள் கூறுதலும், தொகுத்துரைத்தலும், உதாரணங் காட்டுதலும் வரும். அதன்மேல் வினா எழுப்பி அதற்கு விடை கூறுதல், நூலிற் கூறாததாயினும் வேண்டுவதனைச் சிறப்பாகச் சேர்த்தல், விரித்தல், அதிகாரத்தோடு இயைத்தல், ஐயமுற்றவழித் துணிதல், பயன் கூறுதல், முன்னோர் சொல்லைச் சான்றாகக் காட்டுதல் என்பன நிகழும். இவ்வடைவை உன்னிப் பார்ப்பார்க்கு ஒன்று விளங்கும். பாடமும் கருத்தும் முன்னே நிற்க, வினாவும் விடையும் பின்னே வருகின்றன. நூல் சொல்வது இன்னதென்று அறியாமுன் அதனை வினாவுதற்கு மாணாக்கனுக்கு உரிமையில்லை. அறிந்தபின் வினாவாது விடுதற்கும் உரிமையில்லை.

நூலாசிரியர் மேற்கொள்ளும் மதம் ஏழு எனவும் அப்பாயிரம் எண்ணும். பிறர் கொள்கைக்கு உடன்படுதலும் மறுத்தலும் முதலிரண்டு. முதலிற் பிறர் கொள்கையைத் தழுவிச்சென்று பின்னர்க் களைதல் மூன்றாவது. தானே ஒன்றை நாட்டி அதனை நிறுவுதல் நான்காவது. இருவர் தம்முள் மாறுபட்டவிடத்து ஒருதலையைத் துணிதல் ஐந்தாவது. பிறர் நூலின் குற்றங் காட்டுதல் ஆறாவது. எவரொடும் படாது தன் கொள்கையே கொள்ளுதல் ஏழாவது. ஒரு நூலைக் கற்றவன் அதன்பால் நிற்கக்கூடிய நிலைகள் இவையே. உடன்பாடு ஒன்றையே பணிவென்றும், மறுப்பு ஒன்றையே அறிவென்றும் மயங்குவார்க்கு, இரண்டினிடையே ஐந்து நிலைகள் உள என்பதனைப் பழையோர் காட்டிச் சென்றனர்.

கண்ணீர் வார்ந்த தீர்ப்பு

உரையின் உறுப்புக்களை எண்ணி அமைத்துவிட்டால் நல்லுரை ஆகிவிடுமோ எனின், ஆகாது என்பதற்கு இறையனார் அகப்பொருள் வரலாறே சான்று. ஆலவாய்ப் பெருமானடிகள் அருளிச்செய்த 60 சூத்திரங்கட்குச் சங்கப்புலவர் 49 பேரும் தனித்தனி உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை எனத் துணியமாட்டாது மயங்கினர். அப்போது உப்பூரிகுடிகிழார் மகனாராகிய உருத்திரசன்மர், வாய்பேசாத ஐந்தாண்டுப் பிள்ளை, காரணிகனாக இருத்தப்பெற்றார். ஒவ்வொருவரும் தத்தம் உரையைக் கூற அப்பிள்ளை வாளா இருந்தது. மதுரை மருதனிளநாகனார் உரைத்தபோது சிலவிடங்களிலே மெய்ம்மயிர் சிலிர்த்துக் கண்ணீர் வார்த்தது. நக்கீரனார் உரைத்தபோது பதந்தோறும் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்திருந்தது. அதுவே மெய்யுரை எனத் துணிந்தனர். அவ்வுரை ஏடேறுமுன் ஆசிரியர் மாணாக்கர் என்னும் வழிமுறையிற் பத்துத் தலைமுறை கேள்வியாகவே வந்ததென்று அந்நூலே சொல்லும்.

இவ்வரலாற்றை எவ்வகையிற் கொள்ளினும், அதனுள்ளே அமைந்த கருத்து பொன்போற் போற்றத்தக்கது. உரை கூறினார் கற்றோர். தீர்ப்புக் கூறினான் சொல்லற்ற சிறுவன். பாட்டின் உயிர் கேட்டார் உள்ளத்திற் பட்டதா இல்லையா என்பதே முடிந்த அளவுகோல். ஆயினும் அக்கண்ணீர் கண்டவிடமெல்லாம் வாராமல் ஓரிடத்து வந்தும் ஓரிடத்து வாராதும் நின்றமையும் நோக்குக. வேறுபாடு அறிந்து நெகிழ்ந்தமையாலன்றோ அது தீர்ப்பாயிற்று? உள்ளம் நெகிழ்தலும் உரைத்திறம் அறிதலும் ஒன்றனையொன்று விட்டு நில்லாமை இதனாற் பெறப்படும். இக்காலத்து மாணாக்கன் ஒரு பதிகத்தைக் கற்று, 'இது மிக உருக்கமானது' என்றெழுதி அமைவானாயின், எச்சொல்லில் எவ்விடத்து உருகினான் என வினாவுதல் ஆசிரியன் கடன்.

சாத்திரம் ஆகிய மாணாக்கர் வினா

சைவ சித்தாந்த சாத்திரம் 14 என்பது அன்பர் அறிந்ததே. அவற்றுட் பல, ஆசிரியன் திருவாக்கிற்கு மாணாக்கன் அளித்த எதிருரையாகவே அமைந்துள்ளமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டதேவர் பன்னிரு சூத்திரமாகச் சிவஞானபோதத்தை அருளினார். திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதர், ஆண்டில் முதிர்ந்தவர், ஆகமங் கற்றுத் துறைபோயவர், இளையராகிய மெய்கண்டாரை அணுகி ஆணவத்தின் இயல்பு யாதென வினாவினார். நின்றபடியே அப்பண்டிதரை மேலும் கீழும் நோக்கியதே மெய்கண்டார் அளித்த விடை. அவ்விடையைப் பெற்ற அளவிலே பண்டிதர் அருணந்தி சிவாசாரியராயினார்.

அவ்வருணந்தி சிவாசாரியர் பின்னர்ச் செய்தது என்ன? போதத்தை மனனஞ் செய்தல் மாத்திரையின் அமையாது, அதன் பொருளைச் சிவஞானசித்தியாராக விரித்தார். பரபக்கத்திலே பிறர் சமயம் பதினான்கனையும் அவரவர் கூறுமாறே முன் வைத்து, அதன் பின்னரே மறுத்தார். மற்றும் இருபா இருபது என்னும் நூலிலே, தம் ஆசிரியரையே முன்னிலைப்படுத்தித் தமக்கு எழுந்த ஐயங்களை வரிசைப்பட வினாவினார். அவர் வழியில் வந்த உமாபதி சிவாசாரியரும் தம் ஆசிரியராகிய மறைஞானசம்பந்தரை நோக்கிப் பதின்மூன்று வெண்பாவால் வினாக்களை எழுப்பி வினாவெண்பா என நூலாக்கினார். 1313-ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்திலோ, ஒன்பது கொள்கையினரையும் ஒருவர்பின் ஒருவராகப் பேசவிட்டார். ஒருவர் கோளைப் பின்வருபவரே மறுத்துச் செல்லுமாறு அந்நூல் அமைந்தது.

மாணாக்கன் எழுப்பிய வினாவே சாத்திரமாக வைத்து ஓதப்படும் பெருமை இந்நெறிக்கு உரியது. ஆசிரியனை வினாவுதல் அவமதிப்பு எனக் கருதியிருப்பின் இருபா இருபதும் வினாவெண்பாவும் பதினான்கினுள் இடம்பெற்றிரா. அவ்வினாக்களின் இயல்பையும் காண்க. அவை ஆசிரியனை மடக்குதற்கு எழுந்தனவல்ல. ஆசிரியன் சொல்லை மெய்யென்று கொண்டு, அது மெய்யாயின் இவ்விடர்ப்பாடு எங்ஙனம் நீங்கும் என்று உளங்கசிந்து எழுந்தவை. நூலின்கண் மாணாக்கன் எழுப்பும் வினாவுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் பிறிதில்லை.

சிவஞான முனிவரும் சங்கோத்தரமும்

பதினெட்டாம் நூற்றாண்டிலே இப்பயிற்சி காஞ்சியில் மீண்டும் தழைத்தது. பாவநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக் கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகனாராய்த் தோன்றி, திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து, பின்வேலப்ப தேசிகர்பால் அருள்பெற்ற சிவஞான முனிவர், காஞ்சியில் தங்கி நூல் இயற்றியும் பாடஞ் சொல்லியும் வந்தனர். அவர்தம் மாணாக்கர் பன்னிருவர் என மரபு கூறும். திருத்தணிகையிற் பிறந்த கச்சியப்ப முனிவரும், தொட்டிக்கலைச் சுப்பிரமணிய முனிவரும் அவருட் சிறந்தோர். காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் ஆசிரியர் வாக்கு; இரண்டாங் காண்டம் மாணாக்கராகிய கச்சியப்ப முனிவர் வாக்கு. ஆசிரியன் நிறுத்திய இடத்தினின்றும் மாணாக்கன் தொடங்குதல் என்னும் கல்விப்பயன் ஒரு நூலிலேயே கண்கூடாயிற்று.

நூலுக்கு எதிருரை எழுதுதலின் பல வகைகளையும் முனிவர் தாமே செய்து காட்டினர். தொல்காப்பியச் சூத்திர விருத்தி என்னும் நூலிலே பாயிரத்தையும் முதற் சூத்திரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னை உரையாசிரியர் கருத்துக்களை நிறுத்து ஆராய்ந்தார். ஒரு சூத்திரத்தினுள் எத்துணை ஆழம் உண்டென்பது அதனால் விளங்கியது. நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் வகுத்த விருத்தியுரையைத் தள்ளாது, திருத்த வேண்டுவன திருத்தியும் சேர்க்க வேண்டுவன சேர்த்தும் புத்தம் புத்துரையாக்கினார். முன்னோன் உழைப்பை அழியாது தன் உழைப்பையும் அதனோடு கூட்டும் நெறி இது. இலக்கண விளக்கச் சூறாவளியிலோ, திருவாரூர் வைத்தியநாத தேசிகர் நூலிலே தாம் குற்றமெனக் கண்டவற்றை எடுத்துக் கடுமையாக மறுத்தார். சித்தியாருக்கு யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் எழுதிய உரையைச் சிவசமவாதவுரை மறுப்பு எனத் தனிநூலால் மறுத்தார். 'எடுத்து' என்னும் ஒரு சொல்லைப் பற்றி எழுந்த தடைக்கு விடையாக ஒரு நூலே எழுதி அதற்கு வைரக்குப்பாயம் எனப் பெயரிட்டார். ஒரு சொல்லைக் காத்தற்கு வைரத்தாற் சட்டை தைத்தமை, சொல்லிடத்து அவர் கொண்ட மதிப்பின் அளவு.

கம்பராமாயண முதற்செய்யுட்கு அவர் எழுதியது சங்கோத்தர விருத்தி எனப் பெயர்பெறும். சங்கை என்பது ஐயம். உத்தரம் என்பது விடை. ஒரு செய்யுளைத் தொட்டு எழக்கூடிய ஐயங்களை எழுப்பி, அவற்றிற்கு விடை காணுதல் இவ்வுரையின் நெறி. பெயரே மாணாக்கர்க்குப் பாடமாக நிற்கின்றது. ஐயம் எழுப்ப அறியாதான் விடை காண அறியான். விடை காண முயலாதான் ஐயம் எழுப்புதற்குத் தகுதியிலான்.

ஈண்டுக் கருதவேண்டுவது பிறிதொன்றும் உண்டு. முனிவர் மறுப்புக்களிலே வன்சொல் மிக்கிருத்தல் கற்றோர் அறிவர். அவர்தம் நுண்மை பெறாத பிற்காலத்தார் சிலர் அவ்வன்சொல்லை மாத்திரம் பெற்றுக் கண்டனப் போர் நிகழ்த்தித் தமிழ்ப்புலமையைப் பிளவுபடுத்தினர். சூறாவளி வீசுதற்கு முன் முனிவர் அந்நூலை எழுத்தெழுத்தாக ஆராய்ந்தார் என்பதை அவர் மறந்தனர். 1785-இல் முனிவர் சிவபரிபூரணம் எய்தினார். சிவஞானபோதத்திற்கு அவர் வகுத்த மாபாடியம் நெடுங்காலம் ஏட்டளவில் நின்று, இருபதாம் நூற்றாண்டிலேயே அச்சில் யாவர்க்கும் எட்டியது. வன்சொல் விரைந்து பரவிய நாட்டிலே மெய்யுரை காலந்தாழ்த்தே பரவியது என்பது வருந்தத்தக்க உண்மை.

தேர்வும் ஆராய்ச்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சும் பள்ளியும் தேர்வும் புகுந்தன. 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மாணாக்கர் வகுப்புக்கேற்பப் பாலபாடங்களை எழுதினார். 1852-இல் திருத்தொண்டர் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். பின்னர் அப்புராணத்திற்குச் சூசனமும் எழுதலானார். வசனம் நூல் சொல்வதனைக் கூறும். சூசனமோ அவ்வடியார் வரலாற்றால் உணரத்தக்கது யாது என்பதனை ஆராய்ந்து கூறும். நூற்பொருளும் நூலுக்கு எதிருரையும் வேறுவேறு என்பதனை இரண்டு நூலால் நாவலர் தெளிவித்தார்.

திருவாவடுதுறையிலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815-1876) பழைய கேள்வி முறையை நடாத்திவந்தனர். மாணாக்கர் ஏடெழுதியும் பாடங் கேட்டும் செய்யுள் இயற்றியும் அவரைச் சூழ்ந்திருந்தனர். 1871-இல் அவரையடைந்த சாமிநாதையர் பின்னர்க் குடந்தைக் கல்லூரி ஆசிரியராயினார். 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டபோது, தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயரவர்கள் வரிசையாகக் கூற, முதலியார் அவற்றாலாய பயனை வினாவி, சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் கற்றதுண்டோ என்றனர். அவ்வினாவை ஐயரவர்கள் இகழ்ச்சியாகக் கொண்டு சினந்திருக்கலாம், அங்ஙனஞ் செய்திலர். அதன் பயனாக 1887-இற் சீவக சிந்தாமணி அச்சேறியது. பிற பழநூல்களும் தொடர்ந்தன. தக்க வினாவொன்று தக்கார் செவியிற் படின், மறைந்த நூல்கள் மீளும் என்பதற்கு இது கண்கண்ட சான்று.

1857-இற் சென்னைச் சருவகலாசாலை தோன்றியபின், தமிழ்நூற் பகுதிகள் தேர்வுக்குப் பாடமாயின. பாடத்தோடு கூடவே குறிப்புப் புத்தகங்களும் தோன்றின. மாணாக்கன் நூலை ஓதாது குறிப்பை ஓதி, பிறன் கருத்தைத் தன் கையெழுத்தில் எழுதிவரும் வழக்கம் வேரூன்றியது. அக்காலத்தே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராயிருந்த வேதாசலனார், பிற்காலத்து மறைமலையடிகள், அவ்வழக்கிற்கு மாறாகப் புதுநெறியொன்றைத் தொடங்கினர். 1903-இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையும், 1906-இற் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையும் அவராற் போந்தன. 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டினைப் பற்றி, பாட்டாவது யாது, இப்பாட்டின் வரலாறு யாது, இதன் பொருள் எவ்வாறு ஒழுகிச் செல்கின்றது, இதன் நலங்கள் எவை என வரிசையாக ஆராய்ந்து காட்டினர். உச்சிமேற் புலவர்கொள் நச்சினார்க்கினியர் என்று போற்றப்பட்ட பேருரையாசிரியர் அடிகளை இடமாற்றிக் கூட்டிப் பொருள் கொண்ட முறை, பாட்டின் இயற்கை ஓட்டத்திற்கு ஒவ்வாது என்று எடுத்துக்காட்டி மறுத்தனர். பேராசிரியர் ஒருவரோடு மாறுபடுமிடத்தும், பாட்டின் அடிகளையே சான்றாக முன்வைத்து மாறுபடலாம் என்னும் துணிவை மாணாக்கர் அவ்வுரையாற் பெற்றனர். 1905-இற் சைவ சித்தாந்த மகாசமாசம் தோன்றுதற்கு முன்னின்றவரும் அவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பயிற்றும் முறை

மேற்கூறிய வரலாற்றினின்றும், இக்காலத்து ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க முறையொன்று தானே அமைகின்றது. எடுத்துக்காட்டாகக் கண்ணப்ப நாயனார் புராணத்தைப் பாடமாகக் கொள்க. முதற்கண் மாணாக்கர் அதனை வாய்விட்டு மும்முறை ஓதுக. பின்னர் ஒவ்வொருவனும் நிகழ்ச்சியைத் தன் சொல்லால் ஐந்தாறு வாக்கியத்தில் எழுதுக, இது கருத்து. அதன்மேல் ஒவ்வொருவனும் ஓர் ஐயம் எழுதுக. 'ஆகமவழிப் பூசிக்கும் சிவகோசரியார் திருமுன்பு ஊன் கிடக்கக் கண்டு வருந்தியது பிழையாமோ?' என ஒரு மாணாக்கன் எழுதுவானாக. இதனை ஆசிரியர் தாமே தீர்த்துவிடலாகாது. மாணாக்கன் முதலிற் சிவகோசரியார் பக்கம் நின்று எழுதுக. அவர் வருத்தம் பொறாமையாற் பிறந்ததன்று, இறைவன் திருமுன்பின் தூய்மை கெட்டதே என்னும் அன்பினாற் பிறந்தது என்பதனைப் புராணத்தினின்றே காட்டுக. பின்னர்க் கண்ணப்பர் பக்கம் நின்று எழுதுக. இறுதியில், இறைவன் சிவகோசரியாரைக் கடிந்து ஒதுக்காது, கனவிலே தோன்றி, மறைந்திருந்து காண்க என்றருளிய திறத்தை நோக்குக. காட்டியவழி அவரும் உணர்வார் என்னும் நம்பிக்கை அவ்வருளிப்பாட்டில் உளதன்றோ? இருவர் அன்பையும் தாழ்த்தாது சேக்கிழார் பெருமான் வைத்த துலாக்கோலை மாணாக்கன் இப்போதே தன் கண்ணாற் காண்பான்.

இங்ஙனம் எழுதிய மாணாக்கன் குறிப்புப் புத்தகத்தை நாடான். அவன் துணிபு ஆசிரியர் துணிபோடு மாறுபடினும், பாட்டிலே சான்று காட்டியிருப்பானாயின் ஆசிரியர் அதனை ஏற்றுப் போற்றுக. சான்றின்றி ஆசிரியரோடு உடன்பட்டிருப்பானாயின் அதனை மீட்டும் எழுதுமாறு பணிக்க. எழுதியவற்றை மாணாக்கர் தம்முள் மாற்றி ஓதுக. நன்னூலார் சொன்ன இரண்டாங் கால்பங்கு அங்கே நிரம்பும். பின்னர் ஒருவன் எழுந்து தன் துணிபை அவைக்கு உரைக்க. எஞ்சிய அரைப்பங்கும் அங்கே நிரம்பும்.

இவ்வாறு செய்தற்குக் காலம் மிகுதியும் வேண்டும் என்பது தடை. தேர்வுக்குரிய பகுதிகள் பலவாயிருக்க, ஒரு புராணத்தில் இத்தனை நாள் நிற்றல் கூடுமோ எனின், அத்தடை மெய்யே. ஆயினும் ஓராண்டில் ஒரு நூற்பகுதியையேனும் இவ்வாறு கற்ற மாணாக்கன் ஏனையவற்றைத் தானே கற்கும் வன்மை பெறுவான். ஒரு சூத்திரத்தில் நின்று தொல்காப்பியம் முழுதுக்கும் வழிகாட்டிய சிவஞான முனிவர் செயல் இதற்குத் துணை.

சமயக் கல்விக்கும் இஃது இன்றியமையாதது. திருமுறைகளையும் சாத்திரங்களையும் பிறர் சொல்லக் கேட்டு ஆமென்னும் இளைஞன், மற்றொருவர் வேறு சொல்லக் கேட்டபோது அதற்கும் ஆமென்பான். தானே ஓதி, தானே ஐயுற்று, எதிர்ப்பக்கத்தை நடுநின்று கூறி, துணிந்தவனோ அசையான். மெய்கண்ட சந்தானத்தார் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்ததன் பயன் இதுவே.

ஓரிக்கையில் ஓரிரவு தங்கினோர் மறுநாளே காஞ்சிக்கு மீண்டனர் என்பது அவ்வூர் வரலாறு. அவர் மீளுதற்குக் காரணம் மாணாக்கன் தன் சொல்லை மாற்றிக்கொண்டமையன்று; மன்னன் தன் பிழையை உணர்ந்தமையே. உள்ளத்தோடு ஒத்த சொல்லை மாணாக்கன் உறுதியாகச் சொல்லவும், ஆசிரியன் அவனுடன் வெளியேறி ஓரிரவு தங்கவும் துணியும் நாட்டிலே கல்வி குன்றாது நிற்கும். அத்துணிவை இளையோர்க்கும் அவரைப் பயிற்றுவோர்க்கும் ஏகம்பவாணர் திருவருள் கூட்டுவதாக.

திருச்சிற்றம்பலம்.